பார்த்தவர் பெயர் தருவதற்கில்லை

ஜனவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். நலம். உன் நலத்தைக் கேட்க எனக்கு இன்னும் பாத்தியதை இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தாலும் கேட்கிறேன்: எப்படி இருக்கிறாய்?

நீ அந்த மனுஷனை விட்டு வெளியேறி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. எங்கே இருக்கிறாய் என்று அம்மாவைக் கேட்கும்போதெல்லாம், "உயிரோட இருக்கா. உனக்கு அது போதும்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இப்போது ஒரு வழியாக உன் முகவரி கிடைத்தது. சலவைக் கடை வைத்திருக்கிறாய் என்பதும் தெரிந்தது. வீட்டில் கைக்குட்டை துவைக்கச் சொன்னால்கூட என் தலையில் கட்டுவாயே, நீயா என்று சிரிப்பு வந்தது. பிறகு அழுகையும் வந்தது.

நான் மத்திய வங்கியில்தான் இருக்கிறேன். தரவுத் துறையில் துணை மேலாளர் ஆக்கியிருக்கிறார்கள். நாட்டில் எந்த வங்கி, எந்த ஃபைனான்ஸ் கம்பெனி யாருக்குக் கடன் கொடுத்தாலும் அந்த விவரம் மாதாமாதம் எங்கள் கடன் பதிவகத்துக்கு வந்து சேரும். அதில் யார் எதைப் பார்க்கலாம், யாரோடு எதைப் பகிரலாம் என்று விதி எழுதுவது என் பிரிவு. பெயரைக் கேட்டாலே தூக்கம் வரும் வேலை. ஆனால் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஒரு வரியாவது எழுது. நீ திட்டினாலும் அது உன் கையெழுத்தில் வந்தால் சரி.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
தம்பி


ஜனவரி 29

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தைக் கடை வாசலிலேயே நின்று படித்தேன். நான் நலம். முதுகுவலி இருக்கிறது, ஈரத் துணியின் கனம் அப்படி. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? கண்ணாடி மாற்றினாயா?

அம்மா கடைசியில் வாயைத் திறந்துவிட்டாள் போலிருக்கிறது. இந்த உலகத்தில் அவள் ஒருத்தியிடம்தான் முகவரியைச் சொன்னேன். 'யார் கேட்டாலும், தம்பி கேட்டாலும் சொல்லக் கூடாது' என்று தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தேன். உன்னிடம் சொன்னதோடு போகட்டும் என்று மன்னித்து விடுகிறேன். உன்னைப் பார்க்க எனக்கும் ஏக்கமாகத்தான் இருந்தது. ஆனால் உனக்கு மேல் இது போகக் கூடாது. அவன் இன்னும் அதே வண்டிக் கடன் கம்பெனியில் வசூல் அதிகாரியாகத்தான் இருப்பான். ஓடிப்போனவர்களைத் தேடிப் பிடிப்பதற்கே சம்பளம் வாங்குகிற ஆள் என்பது ஞாபகம் இருக்கட்டும்.

கடை சின்னது. இரண்டு பெரிய மிஷின், கடனில் வாங்கியது. விடுதிப் படுக்கை விரிப்புகள், ஆஸ்பத்திரி அங்கிகள், எதிர்த் தெரு வக்கீல்களின் கறுப்புக் கோட்டுகள் எல்லாம் வருகின்றன. தேய்க்கிறதுக்கு ஒரு வயசான இஸ்திரிக்காரர். ஒரு காது கேட்காது. நான் எதைக் கேட்டாலும், "ஆமா, சூடாத்தான் இருக்கு" என்பார். நீராவியில் சுவர் வண்ணமெல்லாம் உரிந்துவிட்டது. மாலையில் கதவைச் சாத்திவிட்டு உட்காரும்போது, யாருக்கும் பயப்படாமல் மூச்சு விடுகிறேன். அதற்கு என்ன விலை என்று உன் பதிவகத்தில் இருக்காது.

போன் வேண்டாம். அவன் என் போனைக் குடைந்து குடைந்து, எனக்கு அந்தச் சாதனத்தின் மேலேயே வெறுப்பு, கடை வேலைக்கு மட்டும் ஒன்று வைத்திருக்கிறேன். எழுது.

உன் சௌக்கியத்தை விரும்பும்
அக்கா


பிப்ரவரி 10

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் முதுகுக்கு ஒரு பட்டை அனுப்பியிருக்கிறேன், இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு துணி தூக்கு. கண்ணாடி மாற்றிவிட்டேன்.

அம்மா விஷயத்தை விடு. அதைப் பற்றி அவளிடம் எதுவும் கேட்காதே, சங்கடப்படுவாள். முகவரி என்னைத் தாண்டிப் போகாது.

இங்கே வேலை கழுத்தை நெரிக்கிறது. பதிவகத்தை வண்டிக் கடன் மாதிரிச் சின்னக் கம்பெனிகளுக்கும் திறந்துவிட்டிருக்கிறோம். திறப்பு விழாவுக்கு அமைச்சர் வந்து, கண்ணாடிக் கோப்பை ஒன்றை எங்கள் இயக்குநருக்கு விருதாகக் கொடுத்துவிட்டுப் போனார். அது இப்போது வரவேற்பறையில் தூசு வாங்கிக்கொண்டிருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


மார்ச் 18

தம்பிக்கு,

இடது கையால் எழுதுகிறேன். கோணலாக இருக்கும், படித்துக்கொள். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு.

அவன் வந்துவிட்டான்.

காலையில் விரிப்பு மடித்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது. யாரோ வாடிக்கையாளர் மாதிரி ஒரு சட்டை கவுண்டரில் வந்து விழுந்தது. "இதுல ஒரு கறை இருக்கு. போகுமா?" என்று குரல். நிமிர்ந்து பார்க்க வேண்டிய தேவையே இல்லை. அந்தக் குரலை என் முதுகெலும்பு முதலில் கேட்டுவிட்டது.

"நல்லாத்தான் இருக்க. கடை, மிஷின், ஆளு அம்பு. புருஷன் மட்டும்தான் இல்ல" என்றான்.

"யார் உனக்கு இந்த இடத்தைச் சொன்னது?"

"உனக்கு வேண்டப்பட்டவங்கதான். உன்னை நெனச்சு அழுதுட்டுச் சொன்னாங்க."

கையைப் பிடித்துக் கவுண்டருக்கு மேலேயே இழுத்தான். என்னமோ முறிந்த சத்தம் கேட்டது. அது என் கை என்று கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது. நான் கத்தியது இஸ்திரிக்காரருக்குக் கேட்டிருக்காது. ஆனால் கவுண்டர் ஆடியதில் தரை அதிர்ந்திருக்க வேண்டும். உள்ளேயிருந்து வந்தார், கையில் ஆவி பறக்கிற இஸ்திரிப் பெட்டியோடு. கத்தவில்லை, ஓடி வரவில்லை. அவன் பக்கத்தில் வந்து நின்று, "கைய விடுங்க தம்பி. இது சூடா இருக்கு, நான் வயசானவன், எனக்குக் கை நடுங்கும்" என்றார். அவன் விட்டான். போகிற போக்கில் கதவுக் கண்ணாடியை உதைத்துவிட்டு, "எங்க போனாலும் வருவேன். நீ எங்க இருக்கேன்னு எனக்கு எப்பவும் தெரியும்" என்று சொல்லிப் போனான்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராகப் பொதுத் தொலைபேசிக்குப் போய் அம்மாவை அழைத்தேன். அழுதுகொண்டு சொன்னாளாமே! யாருக்காக அழுகிறாள்? உன்னிடம் சொன்னபோதே நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். ஓட்டைப் பானையில் ஒரு ஓட்டையோடு நிற்குமா? வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, இனிமேல் எனக்கு அம்மா இல்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அவள் என்னமோ சொல்ல வந்தாள். எனக்குக் கேட்கப் பிடிக்கவில்லை.

நீ நலமாக இரு.

அக்கா


மார்ச் 27

அன்புள்ள அக்காவுக்கு,

கை எப்படி இருக்கிறது? வலிக்கு மாத்திரை கொடுத்தார்களா? உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அலுவலகக் கழிப்பறையில் நின்றேன், வேறு எங்கேயும் நிற்க முடியவில்லை.

போலீசில் எழுதிக் கொடு. பூட்டை மாற்று. கண்ணாடிக்குப் பதில் இரும்புக் கதவு போடு. இத்துடன் வைத்திருக்கும் பணம் அதற்குத்தான், திருப்பி அனுப்பாதே.

அம்மா சொல்லவில்லை, அக்கா. இது எனக்கு நிச்சயமாகத் தெரியும். அவளிடம் பேசு.

தம்பி


ஏப்ரல் 8

தம்பிக்கு,

கை ஆறுகிறது. பணத்தைத் திருப்பி அனுப்பவில்லை, கதவு போட்டாகிவிட்டது.

'நிச்சயமாகத் தெரியும்' என்று எழுதியிருக்கிறாய். நினைக்கிறேன் என்று எழுதவில்லை, இருக்காது என்று எழுதவில்லை. எப்படி நிச்சயமாகத் தெரியும்? இந்தக் கேள்வியை நான் ஒரு வாரமாகத் துணியோடு சேர்த்து மிஷினில் போட்டுச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

கோட்டு வாங்க வந்த வக்கீலம்மா என் மாவுக்கட்டைப் பார்த்துவிட்டு என்ன ஆச்சு என்று கேட்டாள். சொன்னேன். அனுதாபமெல்லாம் காட்டவில்லை. பில்லை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டே இரண்டே கேள்வி கேட்டாள்.

"உங்க பேர்ல ஏதாவது கடன் இருக்கா?"

"இந்த மிஷினுக்கு இருக்கு."

"அவர் எங்க வேலை பார்க்கிறார்?"

சொன்னேன். "அப்போ உங்க அம்மாவை விடுங்க. கடன் கொடுக்கிற எந்தக் கம்பெனியிலும் ஒருத்தன் உக்காந்து உங்க பேரைத் தட்டினா, வீடு, கடை, போன் நம்பர் எல்லாம் திரையில வரும். மத்திய வங்கி நடத்துற பதிவகம்" என்றாள்.

உன் பதிவகம், தம்பி. வண்டிக் கடன் கம்பெனிகளுக்கெல்லாம் திறந்துவிட்டோம் என்று கோப்பையோடு எழுதினாயே, அது.

அதனால்தான் உனக்கு நிச்சயம். நீ உள்ளே போய்ப் பார்த்திருக்கிறாய். அவன் பார்த்தானா, எப்போது பார்த்தான், என்ன காரணம் சொல்லிப் பார்த்தான்? எழுத்தில் கொடு. போலீஸ்காரர், "நிரூபணம் கொண்டு வாங்க, அப்புறம் பேசலாம்" என்கிறார்.

அக்கா


ஏப்ரல் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். பதில் தாமதமானதற்கு வருந்துகிறேன்.

நீ கேட்டதை நான் தர முடியாது. பதிவகத்தில் யார் யாரைப் பார்த்தார்கள் என்ற பட்டியல், பார்த்த நிறுவனத்தின் ரகசியம் என்று சட்டம் சொல்கிறது. வேலை செய்கிற இடத்தில் தெரிந்துகொண்டதை வெளியே சொன்னால் சிறை. உனக்கும் அந்தத் தாளால் பிரயோஜனம் இருக்காது, நீதிமன்றம் ஏற்காது.

இந்தப் பதிவகத்தைச் சும்மா விளையாட்டுக்கு வைக்கவில்லை என்பதையும் நீ புரிந்துகொள்ள வேண்டும். இது வருவதற்கு முன்னால் ஒரே கட்டடத்தைக் காட்டி ஒருவன் ஆறு வங்கியில் கடன் வாங்கினான். ஒரு வங்கிக்கு இன்னொரு வங்கியைப் பற்றித் தெரியாது. கடைசியில் ஒரு வங்கி கவிழ்ந்து, பணம் போட்டவர்கள் பூட்டிய கதவுக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள். அந்த வரிசையை நான் நேரில் பார்த்தேன். அதனால்தான் இந்த வேலைக்கு வந்தேன். தகவலைப் பகிர்ந்தால்தான் அப்படிப்பட்டவர்களைப் பிடிக்க முடியும். ஒருவன் தவறாகப் பயன்படுத்தினான் என்பதற்காக...

இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. உடம்பைக் கவனித்துக்கொள்.

தம்பி


மே 20

தம்பிக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. நீ சாப்பிட்டால் என்ன, பட்டினி கிடந்தால் என்ன என்றுதான் இன்றைக்குத் தோன்றுகிறது.

உன் வங்கிக்கு நானே விண்ணப்பம் போட்டேன், என் விவரத்தை யார் பார்த்தார்கள் என்று கேட்டு. முத்திரை போட்ட தாளில் பதில் வந்திருக்கிறது. அப்படியே எழுதுகிறேன், நீ எழுதின விதியாகக்கூட இருக்கும், ரசித்துப் படி: 'தாங்கள் கோரிய தகவல் உறுப்பு நிறுவனங்களின் இரகசியத்தன்மைக்கு உட்பட்டதாகையால், பார்த்தவர் பெயர் தருவதற்கில்லை.'

நான் எங்கே படுக்கிறேன், எங்கே வேலை செய்கிறேன், எந்த நம்பரில் பேசுகிறேன், எல்லாம் நாட்டில் கடன் கொடுக்கிற கடைக்கெல்லாம் தெரியலாம். அதைப் பார்த்து வந்து என் கையை முறித்தவனின் பெயர் மட்டும் ரகசியம்! அவன் மானத்தைப் பூட்டிப் பாதுகாக்கிறீர்கள், என் கதவைத் திறந்து வைத்துவிட்டு. திருடனுக்குத் திரை போட்டுவிட்டு வீட்டுக்காரியை வெளிச்சத்தில் நிறுத்துகிற இந்த நியாயத்தை எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தீர்கள்? இதற்கெல்லாம் ஒரு கோப்பை வேறு!

கவிழ்ந்த வங்கி, வரிசை என்றெல்லாம் எழுதியிருக்கிறாய். நான் ஆறு வங்கியில் கடன் வாங்கினேனா? அந்தக் கட்டட முதலாளியைப் பிடிக்க வீசின வலையில் என் தலை எதற்கு மாட்ட வேண்டும்? அவன் பார்க்கும்போது எதற்குப் பார்க்கிறாய் என்று யாராவது கேட்டார்களா? எனக்கு ஒரு வார்த்தை சொன்னார்களா? என் வாடிக்கையாளரின் சட்டைப் பையில் ஒரு சீட்டு இருந்தால்கூட நான் பிரித்துப் படிக்காமல் எடுத்து வைக்கிறேன். அவ்வளவு புத்தி உங்கள் பெரிய கட்டடத்தில் ஒருத்தருக்குக்கூட இல்லையா?

வக்கீலம்மா மேல்முறையீடு எழுதிவிட்டாள். "தரலேன்னா கோர்ட்டுக்குப் போவோம்னு கடைசி வரியில போட்டிருக்கேன். அந்த ஒரு வரியைத்தான் அவங்க படிப்பாங்க" என்கிறாள்.

நீ என் தம்பியாக இருந்தால் அந்தப் பெயரைக் கொடு. அதிகாரியாக இருந்தால் இனிமேல் எழுதாதே.

அக்கா


ஜூலை 15

தம்பிக்கு,

இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. அதிகாரியாகவே இருக்க முடிவு செய்துவிட்டாய் என்று நினைத்திருந்தேன். காரணம் இப்போதுதான் தெரிகிறது.

பட்டியல் வந்துவிட்டது.

வக்கீலம்மா கடைக்கே கொண்டுவந்து பிரித்தாள். அவன் கம்பெனி, அவன் பெயர், பிப்ரவரியில் ஒரு தேதி. காரணம்: 'புதிய கடன் விண்ணப்பம்'. நான் அவனிடம் கடன் கேட்டேனாம்! அவள், "இது போதும், இனி போலீஸ்காரர் எழுந்து நிப்பார்" என்றாள். அப்புறம் அவளுடைய விரல் மேல் வரிக்குப் போய் நின்றது. அவனுக்கு முன்னால் இன்னொருவர் பார்த்திருக்கிறார். ஜனவரியில். மத்திய வங்கி, தரவுத் துறை. காரணம்: 'தரவுச் சரிபார்ப்பு'.

"இந்தப் பேர்லயும் உங்க அப்பா பேரே சேர்ந்திருக்கே" என்றாள்.

'ஒரு வழியாக உன் முகவரி கிடைத்தது.' கிடைத்ததாம்! ஆகாயத்திலிருந்து விழுந்ததா? அவன் தட்டின அதே திரையில், அதே பெயரைத் தட்டி, அவன் சொன்ன மாதிரியே ஒரு பொய்க் காரணத்தைச் சொல்லி எடுத்திருக்கிறாய். எடுத்ததைக்கூட விட்டுவிடுகிறேன். அக்காவைத் தேடினாய், கை பரபரத்தது, போகட்டும். ஆனால் அம்மா? அவள்தான் சொன்னாள் என்று நான் எழுதியபோது நீ வாயை மூடிக்கொண்டிருந்தாய். 'சங்கடப்படுவாள், கேட்காதே' என்று அக்கறையாக வேறு எழுதினாய். நான் கேட்டால் உன் குட்டு உடையும் என்றல்லவா? நீ அன்றைக்கே ஒரு வரி எழுதியிருந்தால், இவனும் அப்படித்தான் வந்திருப்பான் என்று அந்த நிமிஷமே புரிந்திருக்கும். எனக்கு அம்மா இல்லை என்று அம்மாவிடமே சொல்லியிருக்க மாட்டேன்.

அவன் என் கையை முறித்தான். அது ஒட்டிக்கொண்டது.

இனிமேல் நீ எழுதுவதும் எழுதாததும் உன் இஷ்டம்.


ஆகஸ்ட் 3

அக்காவுக்கு,

நலம் கேட்கவில்லை. நீ எழுதியதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

உன் மேல்முறையீடு ஜூனில் என் மேஜைக்கே வந்தது. தரலாமா கூடாதா என்று முதல் குறிப்பு எழுத வேண்டியவன் நான். ஃபைலை எடுத்துக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போனேன்.

"இது என் அக்கா மேடம்" என்றேன்.

"அப்போ நீங்க தொடக் கூடாதே. வேற ஆள்கிட்ட கொடுங்க."

"அந்தப் பட்டியல்ல என் பேரும் இருக்கு."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "எதுக்குப் பாத்தீங்க?"

"அக்கா எங்க இருக்காங்கன்னு தெரிஞ்சுக்க."

"காரணம் என்னன்னு போட்டீங்க?"

"தரவுச் சரிபார்ப்பு."

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "இங்க பாருங்க. வெளி ஆள் பேர் ஒண்ணு கொடுத்தா போதும் அவங்களுக்கு. நம்ம ஆளுங்க பேரை வெட்டிடலாம். உள்ளே பார்க்கிறது நம்ம வேலை, அதைப் பட்டியல்ல காட்டணும்னு எங்கயும் இல்ல. உங்க வேலையும் நிக்கும், நம்ம மானமும் நிக்கும்."

"என் பேரை வெட்டினா, அந்த இடத்துல எங்க அம்மா பேரு இருக்கும் மேடம்" என்றேன்.

அவருக்கு அது விளங்கவில்லை. "உங்க அம்மாவும் பதிவகத்துல இருக்காங்களா?" என்று கேட்டார். எனக்குத் தலைகால் புரியாமல் கோபம் வந்தது. அவர் மேல் பாதி, என் மேல் மீதி. அக்கா, இருபது வருஷத்தில் நான் அங்கே குரலை உயர்த்தியதில்லை. அன்றைக்கு வராந்தாவில் போகிறவர்கள் நின்று கேட்கும்படி கத்தினேன். "பொண்ணு கொடுக்கறதுக்கு முன்னாடி மாப்பிள்ளை கடனைப் பாக்கறோம். வீட்டு ஓனர் கடனைப் பாக்கறோம். நடிகன் கடனைப் பாத்துட்டுக் கேன்டீன்ல சிரிக்கிறோம். எல்லாத்துக்கும் தரவுச் சரிபார்ப்பு! அந்த ஆளுக்கும் நமக்கும் என்ன மேடம் வித்தியாசம்? அவன் கையை முறிச்சான், நாம கோப்பை வாங்கினோம்!"

வெளியே வந்து, பட்டியலை எதையும் வெட்டாமல் கொடுக்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சட்டப் பிரிவு என் சார்பில் நின்றதற்குக் காரணம் நியாயமெல்லாம் இல்லை. வக்கீலம்மாவின் கடைசி வரிதான். அவள் சொன்னது சரி.

மறுநாள் நுழைவு அட்டையை வாங்கிக்கொண்டார்கள். விசாரணை முடியும்வரை இடைநீக்கம். இதை உன்னிடம் இரக்கம் வாங்க எழுதவில்லை. அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவள் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

நீ வீடு மாறப் போவதாக வக்கீலம்மா எழுதியிருந்தாள், விசாரணைக்காக என்னிடம் சில தாள் கேட்டு. புது முகவரியை எனக்குத் தருவாயா?

தம்பி


அக்டோபர் 19

தம்பிக்கு,

உன் ஆகஸ்ட் கடிதமும் அதற்குப் பிறகு வந்த இரண்டும் கிடைத்தன. கை முழுதாகக் கூடிவிட்டது, எழுத்தைப் பார்த்தாலே தெரியும். உனக்கு உடம்பு எப்படி? வேலை இல்லாமல் வீட்டில் இருந்தால் நீ டீயாகக் குடித்துத் தள்ளுவாய், குறைத்துக்கொள்.

நடந்தவற்றைச் சொல்கிறேன். அவனைக் கம்பெனி துரத்திவிட்டது. கை முறித்த வழக்கு நடக்கிறது. கடை இருக்கும் தெருவுக்குள் வரக் கூடாது என்று நீதிபதி உத்தரவு போட்டிருக்கிறார். உத்தரவைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்து ஒரு முறை முறைத்தான். நான் கண்ணை எடுக்கவில்லை. அவன்தான் எடுத்தான்.

உன் பதிவகம் விதியை மாற்றிவிட்டதாம். இனி யார் பார்த்தாலும் உரியவருக்குச் செய்தி வரும். பேட்டி கொடுத்தது யார் தெரியுமா, உங்கள் இயக்குநர். 'மக்களின் நம்பிக்கையே எங்கள் மூலதனம்' என்று சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். பெயரை வெட்டச் சொன்னவருக்கு நாற்காலி, வெட்டாதவன் வேலையில்லாமல் வீட்டில். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தச் செய்தித்தாளை விரித்து, அழுக்குக் கோட்டுகளை அதன்மேல் குவித்தேன். பதிவகத்தின் மேல் போட்ட வழக்குத் தாளில் நான் கேட்டதெல்லாம் இரண்டு: எல்லாக் கம்பெனிக்கும் என் வீட்டு முகவரி எதற்கு, எல்லாருக்கும் திறக்கிற கதவுக்குக் காவல் யார்? இரண்டுக்கும் இன்னும் பதில் இல்லை. வக்கீலம்மா, விட மாட்டேன் என்கிறாள். நானும்தான்.

போன வாரம் முதல் செய்தி வந்தது. 'உங்கள் விவரம் இன்று பார்க்கப்பட்டது.' எனக்கு உள்ளங்கால் வரை வியர்த்துவிட்டது. உலர்த்தும் மிஷினுக்குக் கடன் கேட்டிருந்தேன், அந்த வங்கிதான். உண்மையான காரணத்தோடு ஒருவர் பார்த்தால்கூட இனி எனக்கு இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது.

அம்மாவைப் பார்க்கப் போனேன். கதவைத் திறக்கவில்லை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு பேசினாள்.

"யாரு?"

"நான்தான்மா."

"எனக்குப் பொண்ணு இல்ல. அவளே போன்ல சொல்லிட்டா."

"தப்புதான்மா. 'நான் உன் தம்பிகிட்டயே சொல்லல'ன்னு நீ ஏன் அன்னைக்கே சொல்லல?"

"நீ எங்க கேட்ட? கத்தின, வெச்சுட்ட. இந்த வீட்டுல வாயை மூடிட்டு இருக்கத் தெரிஞ்சவ நான் ஒருத்தி. ரெண்டு வருஷம் உன் தம்பி என் காலைப் பிடிச்சுக் கேட்டான், சொல்லல. உன் புருஷன் இங்க வந்து கதவை இடிச்சான், சொல்லல. படிச்சவன், பெரிய பெரிய பூட்டெல்லாம் போடுறவன், அவன் எடுத்துக்கிட்டான். பழி எனக்கு. ரெண்டு பேரும் போங்க!"

நம் அம்மா வீட்டுக்கும் அவன் போனானாம், தம்பி. உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. நம் இருவரிடமும் அவள் சொல்லவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். பிறகு அவளே கதவைத் திறந்து, "காலு வலிக்கும், உள்ள வா. மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காத" என்றாள்.

உன் மேல் எனக்கு இன்னும் கோபம்தான். நீ கையெழுத்துப் போட்டது நல்ல காரியம், அதற்கு நீ கொடுத்த விலையும் தெரியும். கோபம் அதனால் குறையவில்லை. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. கடைக்கு வராதே. கொஞ்ச நாள் போகட்டும்.

புது வீட்டுக்கு வந்துவிட்டேன். முகவரி கேட்டிருந்தாய். அது அம்மாவிடம் மட்டும் இருக்கிறது. போய் அவளிடம் கேள். தருவாளா மாட்டாளா என்பது எனக்குத் தெரியாது. நான் அவளிடம் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை.

அக்கா